ரசனைக்கு ஒரு பெரியப்பா

எங்கள் பெரியப்பா அளவுக்கு ரசனை உள்ள மனிதர் எங்கள் வம்சத்தில் பிறந்ததில்லை. அவருக்கு முழுசாகப் பிடித்த பொருள் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்பதிலிருந்தே அது எப்பேர்ப்பட்ட ரசனை என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நாமெல்லாம் அற்பர்கள். காதில் நல்ல பாட்டு விழுந்தால் தலையை ஆட்டிவிடுகிறோம். இலையில் நல்ல ரசம் விழுந்தால் இன்னொரு கரண்டி கேட்டுவிடுகிறோம். இந்தச் சபலங்களுக்கு அவர் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை.

காலையில் அவர் காபி குடிப்பதைப் பார்க்க வேண்டும். பெரியம்மா டபராவோடு கொண்டுவந்து வைப்பார். பெரியப்பா ஒரு வாய் உறிஞ்சுவார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். வீடு முழுக்கக் காத்திருக்கும். "சிக்கரி தூக்கல்" என்று தீர்ப்பு வரும். அல்லது, "பால்ல அடிப்பிடிச்ச வாசனை." அல்லது, "இது ரெண்டாம் டிகாக்‌ஷன்." இந்த மூன்றில் எதுவும் பொருந்தாத நாட்களும் உண்டு. அந்த நாட்களில், "பரவாயில்லை... ஆனா கும்பகோணத்துக் காபி ஆகாது" என்பார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பரீட்சை தினமும் நடக்கிறது. பெரியம்மா இன்னும் தேறவில்லை. எவ்வளவு கறாரான பரீட்சை பாருங்கள்! இதில் அவருடைய பெருந்தன்மையையும் சொல்லியாக வேண்டும். குறை சொன்ன காபியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிடுவார். பதினோரு மணிக்கு அதே மாதிரி இன்னொன்றும் கேட்பார்.

சிக்கரி விஷயத்தில் அவர் சர்க்காரையே மிஞ்சியவர். காபி–சிக்கரித் தூளில் குறைந்தது 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்கிறது நம் நாட்டு உணவுச் சட்டம். மீதி 49 சதவீதமும் சிக்கரி வேராகவே இருந்துவிட்டுப் போகலாம். பெரியப்பாவுக்கோ அரை சதவீதம்கூட ஆகாது. அவர் பிடிவாதம் தாங்காமல் என் அண்ணன், அதாவது அவருடைய மூத்த பிள்ளை, ஒருதடவை பீபரியும் பிளாண்டேஷனும் சரிபாதி கலந்து, சிக்கரி வாடையே இல்லாமல், கண்ணெதிரில் அரைத்து வாங்கிவந்தான். பெரியப்பா ஒரு வாய் குடித்தார். "என்னடா இது, கெட்டியே இல்லை, நிறமும் வரலை. தூள்ல ஏதோ கலப்படம் பண்ணியிருக்கான்" என்றார். மறுநாள் பெரியம்மா பேச்சுமூச்சில்லாமல் எண்பதுக்கு இருபது போட்ட பழைய தூளையே ஃபில்டரில் அழுத்தினார். "சிக்கரி தூக்கல்" என்று பெரியப்பா நிம்மதியாகச் சொன்னார். வீடு பழைய நிலைக்குத் திரும்பியது.

அவர் சொல்லும் அந்தக் கும்பகோணத்துக் காபி, பால் கறந்த கையோடு போட்ட காபி, பித்தளை ஃபில்டர் காபி, ஆதிகாலத்திலிருந்து நம் முன்னோர்கள் குடித்துவந்த காபி. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தை ஒரு பொங்கலுக்கு அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். காபி நம்மிடையே புதிதாகப் பரவிய நாட்களில் பெரியவர்கள் அதை எப்படியெல்லாம் ஏசினார்கள், பிறகு அதுவே எப்படி மரியாதைப்பட்டவர்களின் அடையாளம் ஆனது என்பதெல்லாம் அதில் வருகிறது. பெரியப்பா அட்டையைப் பார்த்தார். "தப்பு. எங்க தாத்தா காலத்திலேயே எங்க வீட்டில காபி உண்டு" என்று சொல்லிப் புத்தகத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். ஓர் ஆராய்ச்சியாளர் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து சேர்த்த சரக்கை, அட்டையைத் திறக்காமல் ஒரே வாக்கியத்தில் முறியடிப்பது எத்தனை பேரால் முடியும்?

படித்துவிட்டு, கேட்டுவிட்டு, பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது யாருக்கும் கைவரும் காரியம். அதில் ஒரு குறையும் இருக்கிறது: பொருளின் முகத்தைப் பார்த்துவிட்டால் தாட்சண்யம் வந்துவிடும். பெரியப்பா அந்த ஆபத்தை அண்டவிட்டதே இல்லை.

1976-ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்து, ஊரெல்லாம் அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தபோது, "இதெல்லாம் பாட்டா? பாட்டுன்னா விஸ்வநாதன்–ராமமூர்த்தி" என்றாராம். அவர்கள் இருவரும் பிரிந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் சேர்ந்திருந்த நாளில் பெரியப்பாவின் கட்சி வேறு, அப்போது அவருக்கு ஜி. ராமநாதனை விட்டால் ஆள் கிடையாது என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். 1992-ல் ரகுமானின் 'ரோஜா' வந்தது. "கம்ப்யூட்டர் சத்தம். இளையராஜாவோட ஒரு பாட்டுக்கு ஈடாகுமா?" என்று பெரியப்பா கேட்டபோது எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் ராஜா, எங்கள் வீட்டுக்குள் நுழைய அவருக்குப் பதினாறு வருஷம் பிடித்திருந்தது. இப்போது டீக்கடையில் அநிருத் பாட்டு அலறினால் பெரியப்பா ரகுமானின் அருமையை எங்களுக்கு எடுத்துச் சொல்கிறார். எந்த இசையும் அவருக்கு வடுமாங்காய் மாதிரி ஜாடியில் கிடந்து ஊற வேண்டும். ஊறிய பிறகும் அவர் தொட்டுக்கொள்வார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த இலைக்காரர் சாப்பிடுவதைப் பழிப்பதற்காக ஜாடியைத் திறந்து காட்டுவார், அவ்வளவுதான்.

கர்நாடக சங்கீதத்தில் அவருடைய காவல் இன்னும் பலமானது. மாண்டலின் ஸ்ரீநிவாஸையும் சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத்தையும் அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "வெள்ளைக்காரன் வாத்தியத்தில கல்யாணியா?" என்று கேட்பார். அந்த மேடையில் பக்கத்திலேயே ஒருவர் வயலினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுவும் கப்பலில் வந்த வாத்தியம்தான், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார் என்று ஒரு டிசம்பர் சீசனில், சபா கேன்டீன் வரிசையில் நின்றபடி, நான் சொல்லிப் பார்த்தேன். "அது வேற" என்றார்.

இந்த "அது வேற"யை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய பெரிய தர்க்க சாஸ்திரிகளெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியும் எட்டாத இடத்துக்கு அவர் இதை வைத்துக்கொண்டு போய்விடுவார். பேரன் பாஸ்தா சாப்பிட்டபோது, அந்நிய நாட்டுத் தீனி என்று ஒரு மணி நேரம் வைதார். அன்றைக்கு அவர் இலையில் உருளைக்கிழங்கு காரக்கறியும் தக்காளி ரசமும் இருந்தன. உருளைக்கிழங்கும், தக்காளியும், கறியில் போட்ட மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை என்று பேரன் பள்ளிக்கூடப் புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினான். அதுவும் வேறதான்.

பெரியப்பாவைத் தனி மனிதர் என்று நினைப்பவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. அவர் ஒரு பரம்பரையின் வாரிசு. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது. கட்டைகளில் சுருதி கெட்டியாக உட்கார்ந்துவிடுகிறது, கமகம் வளையாது, நம் சங்கீதம் கெட்டுவிடும் என்று பயம். நியாயமான பயமாகவே இருக்கட்டும். தெருக்கூத்திலும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஜனங்கள் அந்தப் பெட்டியை அமுக்கிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தத் தடை தளர 1971 ஆயிற்று.

ஆர்மோனியம் சில்லறை. 1952-ல் தகவல், ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர்தான் எங்கள் பெரியப்பாவின் நிஜமான ஞானத்தகப்பன். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. வானொலியில் அதன் நேரத்தை வெட்டினார். படக்காரர்களோடு தகராறு முற்றி, சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றேபோனது. அதற்குப் பதிலாகச் சாஸ்திரிய சங்கீதம் தாராளமாக வழங்கப்பட்டது. ஜனங்கள் நன்றி சொல்லிவிட்டு ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். வடக்கே 'பினாகா கீத்மாலா' கேட்பதற்காக வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். இங்கே நம் ஆட்களுக்கு இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வாய்த்தது. 1957-ல் விவித் பாரதி என்று ஒன்றை ஆரம்பித்து, வெளியே தள்ளிய பாட்டை டெல்லியே உள்ளே கூப்பிட வேண்டிவந்தது. ஆனாலும் மந்திரிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் கொழும்பு வானொலிக்கு அத்தனை லட்சம் இந்தியக் காதுகள் கிடைத்திருக்குமா?

இதே சேவையை எங்கள் பெரியப்பா ஒரு வீட்டளவில் செய்தார். ரேடியோவில் நல்ல பாட்டோடு மட்டமான பாட்டும் கலந்து வருகிறது, எது எப்போது வருமென்று சொல்ல முடியாது, ஆகவே சினிமாப் பாட்டே வேண்டாம் என்று கல்யாணமான புதிதில் உத்தரவு போட்டார். செய்திகள் கேட்கலாம். அரங்கிசை கேட்கலாம், அதுவும் பாடுகிறவர் யாரென்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு. பெரியம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பாவின் ஸ்கூட்டர் தெருமுனையைத் திரும்பியதும் டிரான்சிஸ்டர் கூடத்திலிருந்து சமையல்கட்டுக்குப் போகும். மிக்ஸி இல்லாத காலம். அம்மியில் அரைத்துக்கொண்டே இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜாவின் குரலைக் கேட்பார், பி. எச். அப்துல் ஹமீதைக் கேட்பார். சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் வருவதற்குள் முள் திருச்சிக்கு வந்து நிற்கும்.

பல வருஷம் கழித்து, குடும்பத்தோடு ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனபோது சிறுசுகள் பாட்டுக்குப் பாட்டு ஆடினார்கள். "ஞா" என்ற எழுத்தில் எல்லோரும் முழித்தபோது பெரியம்மா மெல்ல ஒரு பாட்டை எடுத்தார். பல்லவி, சரணம் எல்லாம் சுத்தம். பிறகு அவரைத் தோற்கடிக்கவே முடியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "இதெல்லாம் எங்கே கேட்டே?" என்றார். "எங்கேயோ காதில விழுந்துது" என்றார் பெரியம்மா. தடை மட்டும் இல்லாவிட்டால் அவருக்கு இவ்வளவு மனப்பாடம் ஆகியிருக்காது. அனுமதியோடு கேட்கிற பாட்டு யாருக்கு நிலைக்கிறது?

பெரியம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிக்கும் சிரமத்தையும் பெரியப்பா யாருக்கும் வைக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி புடவைக் கடையில் அவரே உட்கார்ந்து எடுத்துவிடுவார். "கண்ணை உறுத்தாத கலர்" என்பது அவர் கொள்கை. பெரியம்மாவின் பீரோவைத் திறந்தால் சாம்பல், மண், காய்ந்த வாழைச் சருகு என்று பூமியின் சகல நிறங்களும் இருக்கும். ஒரே ஒரு ராமர் பச்சைப் பட்டு இருக்கிறது. அது தாய்வீட்டில் எடுத்தது.

இலக்கியத்துக்கு வருவோம். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பெரியப்பா கரைத்துக் குடித்தவர். பத்திரிகையில் வந்த பக்கங்களைக் கிழித்துப் பைண்டு செய்த தொகுதிகள், மணியம் படங்களோடு, எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் இருந்தன. 2022-ல் படம் வருகிறது என்றதும், டிரெய்லர் வருவதற்கு முன்பே, "கெடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டார். முதல் நாளே எங்களோடு தியேட்டருக்கும் வந்தார். அடுத்து என்ன நடக்கும், நாவலில் எப்படி இருந்தது, இயக்குநர் எங்கே சறுக்கினார் என்று மூன்று வரிசைக்குக் கேட்கும்படி விளக்கிக்கொண்டே வந்தார். ஒரு டிக்கெட்டில் இரண்டு கதை. முன்வரிசைப் பையன் மட்டும் இதன் மதிப்பு தெரியாமல் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

அவரை மெச்ச இன்னொரு காரணமும் உண்டு. கல்கியையே அவர் முழுசாக ஏற்றுக்கொண்டவரில்லை. "எல்லாம் சரி, ஆனா நடுவில கதை தாவுது. கல்கிக்கு அந்த இடத்தில பிடி நழுவிடுச்சு" என்று எங்கள் சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறார். சென்ற வருஷம் பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து அந்தத் தொகுதிகளை இறக்கினோம். 'புது வெள்ளம்' இருந்தது, 'சுழற்காற்று' இருந்தது, அதற்கடுத்து 'மணிமகுடம்', 'தியாக சிகரம்'. மூன்றாம் பாகமான 'கொலை வாள்' இல்லை. 1960 வாக்கில் பக்கத்து வீட்டு ஆசிரியர் இரவல் வாங்கிப்போனது திரும்பவே இல்லை என்று அத்தை நினைவுபடுத்தினார். ஒரு பாகத்தையே படிக்காமல் அந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்று கண்டுபிடித்த விமர்சகர் தமிழில் வேறு யாராவது உண்டா?

சொந்தப் படைப்பிலும் அவர் சளைத்தவரில்லை. காவிரிக் கரையில் மூன்று தலைமுறை ஒரு வீட்டில் வாழ்ந்த கதையை நாவலாக எழுத அறுபதுகளிலேயே முடிவுசெய்துவிட்டார். தலைப்பை யாரிடமும் சொல்வதில்லை, திருடிவிடுவார்கள். ஆபீசில் வருஷா வருஷம் கொடுத்த டைரிகளெல்லாம் அந்த நாவலுக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஜனவரி முதல் தேதிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி இருக்கும். கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்குப் பின் அந்த நாவலை அவர் சொல்லக் கேட்டவர்கள் ஏராளம். அதில் வளவளப்பு கிடையாது, அச்சுப்பிழை கிடையாது, விற்காமல் கட்டுக் கட்டாகக் கிடக்கிற சங்கடம் கிடையாது. ஜானகிராமனிடம் சில இடங்களில் மிகை உண்டு என்று சொல்கிற உரிமை இப்படிப்பட்ட ஒருவருக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்க முடியும்?

இளைய தலைமுறையிடமும் அவர் கறார். பேரன் ஒன்பதாம் வகுப்பில் கவிதை எழுதிக் கொண்டுவந்தான். பெரியப்பா சிவப்புப் பேனா எடுத்து ஒற்றுப் பிழைகளை வட்டமிட்டுக் கொடுத்தார். கவிதை எதைப் பற்றி என்று எங்களுக்குத் தெரியாது. வட்டங்கள் நிறைய இருந்தன. அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. இப்போது பெங்களூரில் கைநிறையச் சம்பளம் வாங்குகிறான். ஏற்கெனவே கவிஞர்களால் திணறும் தமிழுக்கு எங்கள் குடும்பத்தின் பங்களிப்பு இது.

பேத்தி கல்லூரியில் குறும்படம் எடுத்தாள். அதைப் பார்க்கச் சொன்னபோது செல்போனைத் தொடாமலே, "வீணை பாலசந்தர் 1954-லேயே ஒரு பாட்டுகூட இல்லாம 'அந்த நாள்' எடுத்தார். அதைப் பார்த்துட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். நல்ல பெண், அன்றைக்கே தேடிப் பார்த்துவிட்டாள். ரேடியோ எஞ்சினியரை ஒவ்வொருவரும் கொன்றிருக்கக்கூடும் என்று மாற்றி மாற்றிச் சொல்லும் அமைப்பு அவளை அசத்திவிட்டது. மறுநாள், "தாத்தா, கொலைகாரர் யாருன்னு உங்களுக்கு எந்த இடத்தில புரிஞ்சுது?" என்று ஆவலாகக் கேட்டாள். பெரியப்பா சற்று யோசித்தார். "நல்ல படத்தைக் கதைக்காகப் பார்க்கக் கூடாதும்மா" என்றார். என் அப்பாதான் பிற்பாடு விஷயத்தைச் சொன்னார். பாட்டே வரவில்லையே என்று அரை மணி நேரத்தில் கொட்டகையிலிருந்து எழுந்துபோனவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிறுவனாகப் பெரியப்பாவும் வெளியே வந்தாராம். பேத்தி இப்போது எடுக்கும் படங்களை அவரிடம் காட்டுவதில்லை. அவருடைய பொன்னான நேரத்தின் அருமை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வருகிற தை மாதம் பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். ஏற்பாடுகளில் அவர் தலையிடுவதில்லை, அபிப்பிராயம் மட்டும் சொல்கிறார். அழைப்பிதழின் மஞ்சள் கண்ணைக் குத்துகிறது. நாயனக்காரருக்கு நிரவல் போதாது. மண்டபத்தில் காற்று வராது. (மண்டபத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.) சமையலுக்கு ஆள் பேசப் போனபோது அண்ணன் நியாயமாக நடந்துகொண்டான். சாப்பாட்டு ஐட்டங்களைச் சொல்லி முடித்த பிறகு, "முதல் பந்தியில சாம்பார் வாளி திரும்பறதுக்குள்ள அப்பா உங்களைக் கூப்பிட்டு அனுப்புவார்" என்று ஆரம்பித்து, சாம்பாரில் தொடங்கி வெற்றிலையின் காம்பு வரைக்கும் அவர் சொல்லப்போவதை வரிசையாக ஒப்பித்துவிட்டான். சமையல்காரர் கும்பகோணத்துக்காரர்தான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மளிகை, காய்கறி, பால், வாழையிலை, பரிமாறும் ஆட்கள் என்று எஸ்டிமேட்டை எழுதிக் கூட்டப்போனவர், பேனாவை நிறுத்தி இன்னொரு வரியைச் சேர்த்தார்: 'பெரியவர் வகையில், ரூ. 2,000.'

அண்ணன் மற்ற எல்லாவற்றிலும் பேரம் பேசினான்.